அணியிலா எழுத்தும் எல்லையூர்த் தமிழும்



கேரள மாநிலத்துப் பாலக்காடு மாவட்டத்தில், சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டின் எல்லைக்கு அணித்தே அமைந்துள்ள ஊர் நல்லேப்பிள்ளி. வயலும் தென்னையும் சூழ்ந்த அவ்வட்டாரத்தில் மலையாளமும் தமிழும் அக்கம்பக்கத்து வீடுகளில் வழங்கும் மொழிகள். ஒரு கடையில் ஒருவர் தமிழில் விலை கேட்பார். மற்றவர் மலையாளத்தில் விடை பகர்வார். இருவருக்கும் அதில் யாதொரு வியப்பும் இராது. பேச்சு இவ்வாறு எளிதில் கலந்துவிடுகிறது. ஆயின் எழுத்தோ கலப்பதில்லை. பலகையில் ஓர் ஊரின் பெயரை எழுத வேண்டுமாயின், எந்த எழுத்தில் எழுதுவது, எத்தனை எழுத்தில் எழுதுவது, எவ்வளவு பெரிதாக எழுதுவது என்னும் வினாக்கள் உடனே எழுகின்றன.

எழுத்தைப் பற்றி எண்ணுவதற்கு அவ்வட்டாரம் மிகப் பொருத்தமானது. நல்லேப்பிள்ளிக்கு அண்மையிலுள்ள சித்தூரில், சோகநாசினி எனப்படும் ஆற்றின் கரையில், துஞ்சத்து எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்தார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அவர் பெயரால் விளங்கும் குருமடம் ஆங்கு உள்ளது. எழுத்தச்சன் என்னும் சொல்லுக்கே எழுத்தறிவிக்கும் ஆசான் என்பதுதான் பொருள். மலையாள மொழியின் தந்தையெனப் போற்றப்படும் அப்பெரியாரின் காலத்திற்கு முன்னரும் பின்னரும், அந்நாட்டில் வட்டெழுத்தும் கிரந்த எழுத்தின் வழிவந்த புதிய எழுத்தும் அடுத்தடுத்து வழங்கின. இன்றைய மலையாள எழுத்து கிரந்தத்தின் வழித்தோன்றல். அக்கிரந்தமோ தமிழகத்தில் வடமொழியை எழுதுதற்கென வழங்கிய எழுத்து. ஆகவே தமிழெழுத்துக்கும் மலையாள எழுத்துக்கும் உடன்பிறந்தாரிடையே காணப்படும் முகச்சாயல் உண்டு.

இவ்விரு எழுத்துக்களோடு ஆங்கில எழுத்தும் சேர்ந்து ஒரே பலகையில், ஒரே படிவத்தில், ஒரே கைப்பேசித் திரையில் நிற்க வேண்டிய காலம் இது. அத்தகைய இடங்களுக்கென உலகெங்கும் பெரிதும் கையாளப்படுவது, அணியும் அலங்காரமும் அற்ற, ஒரே சீரான கோடுகளால் ஆன அச்செழுத்து. அதனை ஆங்கிலத்தில் ‘சான்ஸ் செரிப்’ என வழங்குவர். இவ்வெழுத்து எவ்வாறு தோன்றிற்று, தமிழுக்கு எவ்வாறு வந்தது, எல்லையூர்களிலும் பிற மாநிலங்களிலும் வாழும் தமிழர்க்கு அதனால் யாது பயன் என்பனவற்றை ஈண்டு ஆராய்வோம்.

‘செரிப்’ என்பது உரோமானிய எழுத்தின் நுனியிலும் அடியிலும் காணப்படும் சிறு கீற்று. பழைய உரோமானியக் கல்வெட்டுக்களிலேயே அது உண்டு. ‘சான்ஸ்’ என்னும் பிரெஞ்சுச் சொல்லுக்கு ‘இன்றி’ என்பது பொருள். எனவே நுனிக்கீற்று இல்லாத எழுத்தே சான்ஸ் செரிப் ஆயிற்று. இலண்டனில் எழுத்து வார்க்கும் தொழிலில் வழிவழியாகப் பேர்பெற்ற காஸ்லன் குடும்பத்தினரான நான்காம் வில்லியம் காஸ்லன், 1816ஆம் ஆண்டில் வெளியிட்ட மாதிரி ஏட்டில் இத்தகைய எழுத்தில் ஒரே ஒரு வரியை அச்சிட்டுக் காட்டினார். அதில் பெரிய எழுத்துக்கள் மட்டுமே இருந்தன. 1832இல் வின்சென்ட் பிக்கின்ஸ் என்பார் இவ்வகைக்குச் சான்ஸ் செரிப் என்னும் பெயரை வழங்கினார். அக்காலத்தில் இதனை விகாரமானது என்று பொருள்படும் ‘குரோடெஸ்க்’ என்னும் பெயராலும் குறித்தனர். அழகிய நூல்களுக்கு இது ஆகாது, விளம்பரத் தாள்களுக்கு மட்டுமே ஏற்றது என்பது அந்நாளைய கருத்து.

அக்கருத்து மாறுதற்குக் காரணம் மக்கள் போக்குவரத்தே. 1916இல் எட்வர்ட் ஜான்ஸ்டன் என்னும் எழுத்துக் கலைஞர் இலண்டன் சுரங்க இரயில்வேக்கென ஓர் எழுத்தை வரைந்தளித்தார். விரைந்து செல்லும் வண்டியிலிருந்து நோக்குபவரும் நிலையத்தின் பெயரை ஒரே நோக்கில் அறிதல் வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன்பின் 1927இல் ஜெர்மனியில் பால் ரென்னர் வரைந்த பியூச்சுராவும், 1928இல் இங்கிலாந்தில் எரிக் கில் வரைந்த கில் சான்ஸும், 1957இல் சுவிட்சர்லாந்தில் மாக்ஸ் மீடிங்கர் வரைந்து பின்னர் எல்வெட்டிகா எனப் பெயர் பெற்ற எழுத்தும் தோன்றின. இவையெல்லாம் ஒரு கொள்கையையே வெவ்வேறு வழியில் வலியுறுத்தின: எழுத்து தன்னைக் காட்டிக்கொள்ளலாகாது, சொல்லையே காட்டுதல் வேண்டும்.

இக்கொள்கை மேலைநாட்டில் பிறந்த புதுமை என்றே பலரும் எண்ணுவர். ஆயின் தமிழெழுத்தின் வரலாற்றை நோக்கினால் வேறோர் உண்மை புலப்படும்.

தமிழெழுத்துக்கு உரோமானிய எழுத்தைப் போல நுனிக்கீற்று என்பது இயல்பிலேயே இல்லை. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகைகளில் தமிழ் பிராமி எழுத்தில் வெட்டப்பட்டுள்ள கல்வெட்டுக்களைக் காண்க. கிறித்து பிறப்பதற்கு முன்னரே பொறிக்கப்பட்ட அவ்வரிகளில் நேர்க்கோடும் வளைகோடும் அன்றி வேறு ஒப்பனை யாதுமில்லை. பின்னர் வந்த ஓலைச்சுவடியின் நிலையும் அதுவே. எழுத்தாணியின் கூர்முனை ஓலையைக் கீறிச் செல்லும். அக்கீறலின்மேல் கரியைத் தடவித் துடைத்தால் எழுத்துக்கள் தெளிவாகத் தோன்றும். எழுத்தாணிக்குப் பட்டையான முனை இல்லாமையால், எப்பக்கம் திரும்பினும் கோட்டின் பருமன் மாறுவதில்லை. ஆகவே பன்னூறு ஆண்டுகள் தமிழர் படித்தது ஒரே சீரான கோட்டால் ஆன எழுத்தையே. இன்று புதுமையெனக் கொண்டாடப்படும் சீர்க்கோட்டெழுத்து, நம் முன்னோரின் ஓலையில் அன்றே குடியிருந்தது.

அவ்வாறாயின் அச்சுத் தமிழில் மெல்லிய கோடும் தடித்த கோடும் மாறி மாறி வருவது எவ்வாறு நேர்ந்தது? அதற்கு விடை காண, தமிழ் அச்செழுத்து பிறந்த கதையை அறிதல் வேண்டும். அக்கதையின் முதல் ஏடுகள் கேரள மண்ணிலேயே எழுதப்பட்டன என்பது, இன்று அம்மாநிலத்தில் வாழும் தமிழர் அனைவரும் அறியத்தக்க செய்தியாகும்.

1577இல் கோவாவில் ழுவான் கொன்சால்வசு என்னும் இயேசு சபையினர் தமிழ் எழுத்துக்களை வார்த்தார். அடுத்த ஆண்டு கொல்லத்தில் ழுவான் த பாரியா என்பார் மேலும் ஒரு தொகுதி எழுத்துக்களை வார்த்தார். 1578ஆம் ஆண்டு அக்டோபர் 20ஆம் நாள், அண்டிரிக் அடிகளார் எனப்படும் என்றீக்கே என்றீக்கசு பாதிரியாரின் முயற்சியால், 16 பக்கங்கள் கொண்ட ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சாயிற்று. இந்திய மொழி ஒன்றின் சொந்த எழுத்தில், இந்திய மண்ணில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள முதல் நூல் அதுவே. அந்நூலின் முகப்பில் நூலின் மொழி ‘மலபார்த் தமிழ்’ எனக் குறிக்கப்பட்டது. அடுத்த ஆண்டில், அதாவது 1579இல், கொச்சியில் ‘கிரீசித்தியானி வணக்கம்’ வெளிவந்தது. சரியாக ஒரு நூற்றாண்டு கழித்து, 1679இல், இன்றைய திருச்சூர் மாவட்டத்து அம்பழக்காட்டில் புரோயன்சா பாதிரியாரின் தமிழ்-போர்த்துகீசிய அகராதி, மரத்தில் செதுக்கிய எழுத்துக்களைக் கொண்டு அச்சிடப்பெற்றது. கொல்லம், கொச்சி, அம்பழக்காடு என்னும் மூன்று ஊர்களும் தமிழ் அச்செழுத்தின் தொட்டில்கள் எனின் அது மிகையாகாது.

முதலில் அச்சேறிய அவ்வெழுத்துக்கள் ஓலையெழுத்தைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மெய்யெழுத்துக்குப் புள்ளி இல்லை. எகர ஏகார வேறுபாடும் ஒகர ஓகார வேறுபாடும் எழுத்தில் இல்லை. ஓலையில் அழுத்திப் புள்ளி வைத்தால் ஓலை துளைபடும் என்பதால் எழுதுவோர் அதனை விடுத்தனர். அவ்வழக்கமே அச்சிலும் தொடர்ந்தது. ஏகாரத்திற்கும் ஓகாரத்திற்கும் உரிய இன்றைய வடிவங்களை வகுத்தளித்த பெருமை, 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த வீரமாமுனிவர்க்கு உரியது என்பர்.

1713இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு பாதிரியாரின் அச்சகம் தமிழ் நூல்களை அச்சிடத் தொடங்கியது. ஜெர்மனியின் ஆலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட எழுத்துக்கள் மிகப் பெரியனவாக இருந்தன. அவற்றால் விவிலியத்தை அச்சிட்டால் தாள் போதாது என உணர்ந்து, அருகிலுள்ள பொறையாற்றில் சிறிய எழுத்துக்களை வார்த்தனர். எழுத்தின் அளவு என்பது வெறும் அழகு பற்றிய வினா அன்று. தாளும் பொருளும் பற்றிய வினா என்பதனை இந்நிகழ்ச்சி நமக்கு உணர்த்துகிறது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை அமெரிக்க மிஷன் அச்சகத்தில் பணியாற்றிய பி. ஆர். அண்ட் என்பார் தமிழ் அச்செழுத்தை மேலும் செப்பம் செய்தார். 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதி அவ்வச்சகத்தின் அரிய படைப்பு.

இவ்வாறு அச்செழுத்து செப்பமுற்று வந்த காலத்தில்தான், மெல்கோடு வன்கோடு என்னும் வேறுபாடு தமிழெழுத்தில் நிலைபெற்றது. உரோமானிய எழுத்து, பட்டைமுனைப் பேனாவின் போக்கில் ஓரிடம் பருத்தும் ஓரிடம் சிறுத்தும் அமைந்தது. அவ்வச்சுக் கலையோடு தமிழும் பழகியபோது, அதன் சாயல் தமிழ் எழுத்திலும் படிந்தது. அதனைக் குறை எனக் கூறுதல் முறையன்று. நம் பாட்டனாரும் தந்தையரும் இலக்கியத்தையும் இதழ்களையும் அவ்வெழுத்திலேயே படித்தனர். அவ்வெழுத்துக்கு அதற்கேயுரிய எழில் உண்டு. ஆயினும் அதுவே தமிழெழுத்தின் இயல்பான வடிவம், சீர்க்கோட்டெழுத்து மேலைநாட்டு இறக்குமதி என்று கொள்வது வரலாற்றுக்கு முரணானது. நிகழ்ந்தது இதற்கு நேர்மாறு என்றே கூறலாம்.

20ஆம் நூற்றாண்டில் இயந்திரங்கள் எழுத்தை மீண்டும் எளிமையை நோக்கி ஈர்த்தன. 1930களில் இலங்கைத் தமிழரான முத்தையா அவர்கள் தமிழ்த் தட்டச்சுப் பொறியின் விசைப்பலகையை அமைத்தார். 247 எழுத்துக்களைச் சில விசைகளுக்குள் அடக்குதல் எளிய செயலன்று. அதே காலத்தில், 1935இல், பெரியார் ஈ. வே. ராமசாமி அவர்கள் தமது ‘குடி அரசு’ இதழில் எழுத்துச் சீர்திருத்தத்தைத் தொடங்கினார். ணா, றா, னா என்பனவும் ணை, லை, ளை, னை என்பனவும் முன்னர்த் தனித்தனி வடிவங்கள் கொண்டிருந்தன. யானையின் துதிக்கை போல வளைந்த கொம்புடன் லகர ஐகாரம் எழுதப்பட்டதை முதியோர் நினைவு கூர்வர். அவற்றைப் பிற எழுத்துக்களைப் போலவே எழுதலாம் என்பது அவர் கருத்து. 1978இல் தமிழ்நாட்டு அரசு அதனை ஆணையாக்கியது.

எல்லைக்கு அப்பாலும் இதே காலத்தில் இதே வினா எழுந்தது. 1971இல் கேரள அரசு மலையாள எழுத்தில் சீர்திருத்தம் செய்தது. உகர ஊகாரக் குறிகள் மெய்யினின்று பிரிக்கப்பட்டன. கூட்டெழுத்துக்கள் பல குறைக்கப்பட்டன. தட்டச்சுக்கும் அச்சுக்கும் எளிதாகுக என்பதே அங்கும் நோக்கம். பின்னர்க் கணிப்பொறி வந்தது. எத்தனை வடிவமாயினும் அதற்கு ஒன்றே. ஆகவே இயந்திரத்திற்காகக் கைவிட்ட பழைய எழுத்தை மீட்க வேண்டும் என ‘ரசனா’ என்னும் இயக்கம் 1999இல் கேரளத்தில் தோன்றியது. எழுத்து இயந்திரத்திற்குப் பணிய வேண்டுமா, இயந்திரம் எழுத்துக்குப் பணிய வேண்டுமா என்னும் வினாவிற்கு இரு மாநிலங்களும் இருவேறு விடைகளைக் கண்டன. எவ்விடை ஏற்றது என்பதனை அவ்வம்மொழியினரே முடிவு செய்தல் தகும்.

கணிப்பொறியில் தமிழ் முதலில் பட்ட இன்னல் பெரிது. ஒவ்வொருவரும் ஒவ்வொரு குறியீட்டு முறையைக் கையாண்டமையால், ஒருவர் அனுப்பிய மடல் மற்றொருவர் திரையில் பொருளற்ற குறிகளாகக் காட்சியளித்தது. 1991இல் வெளிவந்த யூனிகோடு என்னும் உலகப் பொதுக்குறியீட்டில் தமிழுக்கும் இடம் கிடைத்தது. ஆயினும் குறியீடு மட்டும் இருந்து, அதற்குரிய எழுத்துரு பொறியில் இல்லையாயின், எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வெறுங்கட்டங்களே தோன்றும். விண்டோஸ் 2000 என்னும் இயங்குதளத்தோடு வந்த ‘லதா’ எழுத்துருவும், ஆப்பிள் நிறுவனத்தின் பொறிகளில் இடம்பெற்ற, மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் அவர்களின் எழுத்துருக்களும் அக்கட்டங்களை நீக்கித் தமிழைக் காட்டின. அவ்வெறுங்கட்டங்களைச் சோயாப் பாற்கட்டியின் துண்டுகளுக்கு ஒப்பிட்டு ‘டோபு’ என்று கேலியாக அழைப்பர். அக்கட்டம் எம்மொழியிலும் தோன்றலாகாது என்னும் எண்ணத்தோடு கூகுள் நிறுவனம் உருவாக்கிய எழுத்துருத் தொகுதிக்கு ‘நோட்டோ’ என்றே பெயர். அதில் தமிழுக்கு இரண்டு வகை உண்டு: மெல்கோடும் வன்கோடும் கலந்த வகை ஒன்று, சீர்க்கோட்டு வகை மற்றொன்று.

சீர்க்கோட்டுத் தமிழெழுத்தின் தேர்ந்த எடுத்துக்காட்டுகளுள் ஒன்று பிரியா ரவிச்சந்திரன் அவர்கள் வரைந்த ‘கட்டமரன்’ என்னும் எழுத்துரு. அப்பெயர், கட்டுமரம் என்னும் நம் தமிழ்ச்சொல் ஆங்கிலத்திற்குச் சென்று பெற்ற உருவமே. கடல் கடந்து சென்ற சொல் ஒன்று தமிழெழுத்தின் பெயராகத் திரும்பி வந்தது, பிற நாட்டிலும் பிற மாநிலத்திலும் வாழும் தமிழர்க்கு இனிய குறிப்பாகும். இவ்வெழுத்து மிக மெல்லியது முதல் மிகத் தடித்தது வரை 9 பருமன்களில் அமைந்துள்ளது. பல்லக்கு எனப் பொருள்படும் ‘பாலன்குயின்’ என்னும் தேவநாகரி எழுத்துருவும் அவர் வரைந்ததே. இரண்டும் உடனுடன் உருவானவை. ஆகவே இந்தியும் தமிழும் ஆங்கிலமும் ஒரே தாளில் வர வேண்டிய இடத்தில், மூன்றும் ஒரே குடும்பத்தினராக நிற்க இயலும்.

இதனினும் நம் பொருளுக்கு அணுக்கமான செய்தி ஒன்று உண்டு. கேரளத்தில் மலையாளக் கணிமைக்கெனத் தன்னார்வலர்கள் நடத்தும் ‘சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங்’ என்னும் அமைப்பு, தமிழுக்கும் ஓர் எழுத்துருவை வழங்கியுள்ளது. ‘மீரா இனிமை’ என்பது அதன் பெயர். ரசனா இயக்கத்தில் பங்குகொண்டு, ‘மீரா’ என்னும் மலையாள எழுத்துருவை வரைந்த கே. எச். உசைன் அவர்களே இதனையும் வரைந்தார். மலையாள எழுத்தைக் காத்த கை தமிழெழுத்தையும் வரைந்தது என்பது, எல்லையின் இருபுறத்தார்க்கும் மகிழ்ச்சி தருவது. நோட்டோ, கட்டமரன், மீரா இனிமை ஆகியவற்றை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம்.

இனி, இத்தகைய எழுத்தை அமைப்பதில் உள்ள நுட்பங்களைச் சிறிது நோக்குவோம். அதற்கு நல்லேப்பிள்ளி என்னும் ஊர்ப்பெயரையே உரைகல்லாகக் கொள்ளலாம். தமிழில் அப்பெயர் ஏழு எழுத்து: ந, ல், லே, ப், பி, ள், ளி. அவற்றுள் மூன்று மெய்கள். ஆகவே மூன்று புள்ளிகள். இரட்டைச் சுழிக்கொம்பு ஒன்று. இகரக் கொக்கி இரண்டு. மலையாளத்திலோ இரட்டித்த மெய்கள் ஒன்றோடொன்று இணைந்து கூட்டெழுத்தாகி விடுவதால், அதே பெயர் நான்கே எழுத்துத் தொகுதிகளில் அடங்கிவிடும். எனவே ஒரே அகலமுள்ள பலகையில் இரண்டையும் எழுதுவோர் தமிழை நெருக்கிச் சிறுத்து எழுத நேர்கிறது. இது எவருடைய பகைமையாலும் நேர்வதன்று. எழுத்தின் இயல்பை அறியாமையால் நேர்வது. தமிழுக்கு நீளம் மிகுதி வேண்டும் என்பதை முன்னரே உணர்ந்து பலகையை வகுப்போரே இரு மொழிக்கும் ஒத்த நீதி செய்பவராவர்.

புள்ளியை எடுத்துக்கொள்க. அலங்காரத்தை நீக்குகிறோம் என்னும் ஆர்வத்தில் புள்ளியை மிகச் சிறிதாக்கினால், தொலைவிலிருந்து நோக்குவார்க்கு அது மறைந்துவிடும். ‘ல்’ என்பது ‘ல’ ஆகிவிடும். கொம்பின் இரட்டைச் சுழி தெளிவாக இல்லையெனின் ‘லே’ என்பது ‘லெ’ ஆகிவிடும். ரகரமும் காலும் பெரிதும் ஒத்த வடிவின. ஓலைக்காலத்தில் அவற்றை இடம் நோக்கியே பிரித்தறிந்தனர். இன்று ரகரத்தின் அடியில் உள்ள சாய்கோடே அதனைக் காலினின்று பிரிக்கிறது. அதனையும் அலங்காரம் என நினைந்து நீக்கிவிட்டால் படிப்போர் தடுமாறுவர். ஆகவே எளிமை என்பது கண்டதையெல்லாம் களைதல் அன்று. எழுத்தை எழுத்தினின்று பிரித்துக் காட்டும் உறுப்பைக் காத்து, பிரித்துக் காட்டாத ஒப்பனையை மட்டும் களைவதே எளிமை. உழவன் களையையும் பயிரையும் வேறறிந்து பறிப்பது போன்றது அது.

ஒரே சீரான கோடு என்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. அளவுகோலால் அளந்து எல்லாக் கோட்டையும் ஒரே பருமனாக வரைந்தால், கண்ணுக்குக் கிடைக்கோடு சற்றுத் தடித்தே தோன்றும். வட்டம் சற்றுச் சிறியதாகத் தோன்றும். ஆதலின் தேர்ந்த கலைஞர் கிடைக்கோட்டைச் சிறிது மெலிவித்து, வட்டத்தைச் சிறிது பெரிதாக்குவர். ணகரத்தில் சுழிகள் மிகுதி. தடித்த எழுத்தில் அச்சுழிகளின் உள்ளிடம் கறுத்து அடைபடும். அதனைத் தவிர்க்க, அவ்வெழுத்தின் உட்கோடுகளை மட்டும் நுண்மையாக மெலிவிப்பர். நோக்குவார்க்கு இம்மாற்றம் எதுவும் புலப்படாது. எல்லாம் ஒரே சீராக உள்ளன என்றே தோன்றும். அவ்வாறு தோன்றுவதே கலைஞரின் வெற்றி.

மற்றொன்று எழுத்தின் உயரம். ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்திற்குத் தமிழைச் சமமாக்குதல் ஒழுங்கு போலத் தோன்றும். ஆயின் ‘ஞ’, ‘ண’, ‘ஐ’ போன்ற எழுத்துக்களுக்குள் கோடுகள் மிகுதியாதலால், அவ்வளவில் அவை நெருங்கிக் குழம்பும். மேலே இகர ஈகாரக் கொக்கிகளும் கீழே உகர ஊகார வளைவுகளும் நீளுவதால், வரிக்கும் வரிக்கும் இடையே கூடுதல் இடமும் வேண்டும். ஆங்கிலத்திற்கென வகுத்த சட்டத்திற்குள் தமிழை அடக்கினால் தலையோ காலோ வெட்டுப்படும்.

இவையெல்லாம் கலைஞர்க்கும் அச்சகத்தார்க்கும் உரிய செய்திகள் எனச் சிலர் நினைக்கலாம். அவ்வாறன்று. 1956 நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, முன்னர்க் கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூரும், சென்னை மாகாணத்து மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், திருவிதாங்கூரின் தேவிகுளம், பீர்மேடு மலைப்பகுதிகளும் கேரளத்தோடு இணைந்தன. ஆங்கு வாழ்ந்த தமிழர் தாம் இருந்த இடத்தை விட்டு அகலவில்லை. எல்லைக்கோடுதான் அவர்களைச் சுற்றி அமைந்தது. 1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னட மொழிச் சிறுபான்மையினர் அரசோடு தத்தம் மொழியிலேயே மடல் வழி தொடர்புகொள்ளலாம் என்றும், விடையும் அம்மொழியிலேயே தரப்படும் என்றும் வகை செய்தது. மொழிச் சிறுபான்மைப் பகுதி என அறிவிக்கப்பட்ட இடங்களின் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

சட்டம் வழங்கும் உரிமை தாளில் இறங்கி வரும்போது எழுத்தாகவே வருகிறது. படிவத்தின் தமிழ் வரி படிக்க இயலாதவாறு பொடியெழுத்தில் நெருங்கியிருந்தால், அவ்வுரிமை பாதியே வந்து சேர்ந்தது எனல் வேண்டும். மலைத்தோட்டத்துத் தொழிலாளி மருந்துக் குப்பியின் மேலுள்ள அளவைப் பிழையறப் படித்தல் வேண்டும். முதியவள் பேருந்தின் பலகையைத் தொலைவிலேயே அறிதல் வேண்டும். வேற்று மாநிலப் பள்ளியில் பயிலும் தமிழ்ச் சிறுவன், தன் தாய்மொழியும் பிற மொழிகளைப் போலவே செம்மையாக அச்சேறக் கூடியது என்பதைக் கண்ணால் கண்டு உணர்தல் வேண்டும். அருகிலுள்ள மொழிகள் திருத்தமான எழுத்தில் பொலிய, தமிழ் மட்டும் கோணலும் நெருக்கமுமாய் நின்றால், அச்சிறுவன் பெறும் பாடம் எழுத்தைப் பற்றியது மட்டும் அன்று. தன் மொழியின் தகுதியைப் பற்றியதுமாகும்.

பம்பாயிலும் டில்லியிலும் பெங்களூரிலும் பாலக்காட்டிலும் தமிழ்ச் சங்கங்கள் அழைப்பிதழும் ஆண்டுமலரும் அச்சிடுகின்றன. தமிழ் வகுப்புக்களுக்குப் பாடத்தாள்களும் அணியமாக்குகின்றன. அவற்றைத் தொகுப்போர் எழுத்துருவைத் தேர்தலையும் தம் பொறுப்பாகக் கொள்ளுதல் நலம். நெடிய கட்டுரைக்கும் இலக்கியத்திற்கும் பழகிய மெல்கோட்டு வன்கோட்டு எழுத்து இன்றும் பொருந்தும். பெயர்ப்பலகை, படிவம், அறிவிப்பு, திரை ஆகியவற்றிற்குச் சீர்க்கோட்டு எழுத்தே ஏற்றது. தேர்ந்தெடுக்கும்போது, தம் ஊர்ப்பெயரையோ தெருப்பெயரையோ அவ்வெழுத்தில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டி, பத்தடி அகன்று நின்று நோக்குக. புள்ளி தெரிகிறதா, கொம்பின் சுழி இரண்டும் தெரிகின்றனவா, ரகரமும் காலும் வேறுபடுகின்றனவா, ணகரத்தின் சுழிகள் அடைபடாது உள்ளனவா என ஆராய்க. இவ்வாராய்ச்சிக்குக் கலைப்பட்டம் வேண்டுவதில்லை. தமிழ் படிக்கும் கண் இரண்டு போதும்.

கொல்லத்தில் வார்த்த உலோக எழுத்துக்கும் இன்று கைப்பேசியில் ஒளிரும் எழுத்துக்கும் இடையே நான்கரை நூற்றாண்டு கழியவிருக்கிறது. இடையில் எழுத்தாணி மறைந்தது. மரமும் ஈயமும் மறைந்தன. தட்டச்சுப் பொறியும் ஓய்ந்தது. எழுத்தின் கடமை மட்டும் மாறவில்லை. எழுதினவன் கருதிய சொல்லைப் படிப்பவன் ஐயமின்றிப் பெற வேண்டும் என்பதே அக்கடமை. அதனைத் தமிழுக்கு நிறைவேற்றித் தருவதில் கோவாவின் வார்ப்புக் கலைஞரும், ஆலே நகரத்தாரும், இலங்கைத் தமிழரும், மலேசியத் தமிழரும், மலையாளத்து நண்பரும் பங்கு கொண்டுள்ளனர். அவ்வெழுத்தைப் பிழையின்றி அச்சேற்றிப் பலகையிலும் தாளிலும் நிமிர்ந்து நிற்கச் செய்யும் பங்கு நமக்கு உரியது.